வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், வாருங்கள்!

மார்கழி பாதி கழிந்ததும் ஊர்ப்புற வீடுகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பரணிலிருந்து அண்டா குண்டாக்கள் முற்றத்துக்கு இறங்கும். ஒட்டடைக் கம்பு கூடத்தையும் அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவரும். போகிக்கு முன்னால் வெள்ளையடித்து முடித்தாக வேண்டும். ஆனால் அந்த நாட்களில் வெள்ளையடிக்க ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வேலை என்றால் அவரும் என்ன செய்வார்?

ஒரு பொங்கலின்போது எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அக்காவின் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பெரியவன் பத்தாம் வகுப்பு. "சனி, ஞாயிறு இரண்டு நாள் இருக்கிறதே, நாமே அடித்துவிடலாம், மாமா" என்றான். சரி என்று இறங்கினோம். வேலை முடிந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. கூடத்துச் சுவரில் கையை வைத்துத் தேய்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. மேற்குப் புறச் சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. இரண்டுக்கும் ஒரே சுண்ணாம்பு, ஒரே வாளி, அடித்ததும் அதே கைகள்தாம். பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை காண வேண்டுமானால் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கல் சுண்ணாம்பாகிறது

சுண்ணாம்புக் கல்லும், கடற்கரையிலும் கழிமுகங்களிலும் அள்ளும் கிளிஞ்சலும் வேதியியல் நோக்கில் ஒரே பொருள்தான். இரண்டும் கால்சியம் கார்பனேட். இதைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது கால்சியம் ஆக்சைடு. இதைத்தான் கடையில் கல் சுண்ணாம்பு என்று கட்டி கட்டியாக விற்கிறார்கள். நூறு கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். இந்த 44 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு பளிச்சென்று வெண்மையாக இருப்பதற்குக் காரணம், அதில் களிமண்ணும் இரும்பும் மிகக் குறைவு. கல்லில் இவை சற்று அதிகம். இரும்பு சிறிதளவு இருந்தாலும் மஞ்சள் சாயல் தட்டும்.

நீற்றுதல்: சிறிது அச்சம் நல்லது

கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் 'சுர்'ரென்று சீறி, வெடித்து, பூத்து, கொதிக்கத் தொடங்குகிறது. கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும்போது வெளிப்படும் வெப்பமே இதற்குக் காரணம். காளவாயில் நெருப்பு கல்லுக்குக் கொடுத்த ஆற்றலில் ஒரு பகுதி இப்போது திரும்பி வருகிறது எனலாம். ஒரு கிலோ கல் சுண்ணாம்பு நீறும்போது வெளிப்படும் வெப்பம் சுமார் மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பநிலை நூறு டிகிரியையும் தாண்டிவிடும். மழையில் நனைந்த சுண்ணாம்பு மூட்டை பக்கத்திலிருக்கும் வைக்கோலைப் பற்றவைத்துவிடும் என்று சொல்வது வெறும் கதையல்ல.

இதையெல்லாம் படித்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். இரும்பு வாளியைத் தேடச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த பிளாஸ்டிக் வாளியில் நான்கு கட்டிகளைப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் வாளியின் ஒரு பக்கம் மெழுகுபோல் இளகிச் சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். அதே நேரத்தில் ஒரு கட்டி வெடித்துச் சுண்ணாம்புக் குழம்பு முகத்தில் தெறித்தது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் பிழைத்தேன். கண்ணாடியின் இடது வில்லை முழுவதும் வெள்ளை. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கண்ணில் அமிலம் பட்டால் அது மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்கிறது. உறைந்த படலம் ஓரளவு தடுப்பாக நின்றுவிடுகிறது. காரம் அப்படியல்ல. உயிரணுக்களின் சவ்விலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். சுண்ணாம்புத் துகள் இமைக்கடியில் ஒட்டிக்கொண்டால் கரையக் கரையக் காரம் ஊறிக்கொண்டேயிருக்கும். கருவிழி பால்போல் வெளுத்துப் பார்வை போவதும் உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிக் கண்ணைப் பறிகொடுத்த குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நீற்றும் முறை இது: அகன்ற வாயுள்ள இரும்பு வாளியிலோ பழைய டிரம்மிலோ முதலில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டிகளைச் சிறிது சிறிதாக இட்டு, தள்ளி நின்று நீண்ட கழியால் கிளற வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் மூடி போட்டு இறுக்கக் கூடாது. கண்ணாடி கட்டாயம். சிறுவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். எண்ணெயோ எலுமிச்சைச் சாறோ விடாதீர்கள். அமிலத்தால் காரத்தை முறிக்கலாம் என்று பாடத்தில் படித்தது கண்ணுக்குப் பொருந்தாது. உடனே இமையைப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். துகள்கள் தெரிந்தால் நனைத்த மெல்லிய துணி நுனியால் ஒற்றி எடுங்கள். பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் சில நிமிடங்களில் ஊற்றும் தண்ணீர்தான் பார்வையைக் காப்பாற்றும்.

கையில் பட்டால் இவ்வளவு கேடில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் விரலை வைத்துத் தேய்த்தால் வழவழவென்று இருக்கிறதல்லவா? தோலில் உள்ள எண்ணெய்ப் பசையைச் சுண்ணாம்பு சோப்பாக்குவதால் ஏற்படும் வழவழப்பு அது. நாள் முழுவதும் அப்படியே இருந்தால் தோல் வெடித்துப் புண்ணாகும். வெள்ளையடிப்பவர்கள் கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ரப்பர் கையுறை அதைவிட நல்லது.

வடிகட்டி, நீலம் கலந்து

நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவும் பகலும் அப்படியே ஊற விட வேண்டும். உள்ளே நீறாத சிறு கட்டிகள் இருந்தால் அவை சுவருக்குப் போன பிறகு மெல்ல நீறிப் பருத்து, பூச்சைத் துருத்திக்கொண்டு தெறிக்கும். சுவரில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுவது இதனால்தான். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற அளவில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டால் சுண்ணாம்புப் பால் தயார்.

இதில் சிறிது நீலம் கலப்பது வழக்கம். வெள்ளைக்கு எதற்கு நீலம்? சுண்ணாம்பின் மஞ்சள் சாயலைச் சரிக்கட்டுவதற்குத்தான். மஞ்சளும் நீலமும் ஒன்றை ஒன்று நிறைவு செய்யும் ஒளி நிறங்கள். மஞ்சளாகத் தோன்றும் பரப்பு நீல ஒளியைச் சற்று விழுங்கிவிடுகிறது. நீலப் பொடி மஞ்சள் ஒளியைச் சற்று விழுங்குகிறது. இப்போது எல்லா நிறங்களும் ஒரே அளவில் கண்ணுக்கு வருகின்றன. உண்மையில் மொத்த ஒளி சிறிது குறைந்துதான் போகிறது. ஆனாலும் கண்ணுக்கு முன்னைவிட வெண்மையாகத் தெரிகிறது. வேட்டிக்கு நீலம் போடும் தத்துவமும் இதுவே.

எந்த நீலமானாலும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. கட்டி நீலம், பொடி நீலம் என்று வழங்கும் அல்ட்ராமரின் காரத்துக்கு அசையாது. களிமண், சோடா, கந்தகம் ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுச் செய்யும் முறை 1828இல் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட பின்தான் அது மலிவாயிற்று. அதற்கு முன் ஆப்கானிஸ்தானத்து மலைகளில் கிடைத்த ஒரு நீலக் கல்லை அரைத்து எடுத்தார்கள். விலை தங்கத்தோடு போட்டியிட்டது. துணிக்குப் போடும் சொட்டு நீலம் வேறு வகை. அது நீரில் கரையும் சாயம். சாயங்கள் பல, சுண்ணாம்பின் காரத்தில் நிறம் இழந்துவிடும். அளவும் முக்கியம். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராமுக்கு மேல் போனால் வீடு வெள்ளையாகத் தெரியாது, நீலமாகத் தெரியும்.

பிடிப்புக்காகச் சிலர் வச்சிரத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். சிலர் அரிசிக் கஞ்சி சேர்ப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பிடி உப்புப் போடுவது வழக்கம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூச்சு விரைவில் காய்ந்துவிடாமல் தடுக்கிறது. விரைவில் காயாமலிருப்பது ஏன் நல்லது என்பதில்தான் நம் மேற்குச் சுவரின் இரகசியம் இருக்கிறது.

"சுவருக்குத் தாகம்"

நாங்கள் காய்ந்த சுவரில் அடிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். நாற்பது ஆண்டுகள் கொத்து வேலை பார்த்தவர். "தம்பி, சுவருக்குத் தாகம் தீர்ந்த பிறகு அடிங்க. இல்லைன்னா சுண்ணாம்புல இருக்கிற தண்ணியை அது குடிச்சுப்புடும்" என்றார். "அப்படியே செய்றோம், ஐயா" என்று சுவரில் தண்ணீர் தெளித்தோம். மட்டை பிடிக்கும் முறையையும் அவரே காட்டினார். முதலில் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. அதன் மேலேயே கீழிருந்து மேலே. அது காய்வதற்குள் வலமிருந்து இடமாக, பிறகு இடமிருந்து வலமாக. இப்படி நான்கு இழுப்பும் சேர்ந்தால்தான் ஒரு பூச்சு.

அடித்து முடித்ததும் மருமகனுக்கு ஏமாற்றம். "என்ன மாமா, சுவரே தெரியுது?" என்றான். ஈரச் சுண்ணாம்பு கலங்கல் தண்ணீர்போல்தான் தெரியும். பழைய கறைகள் அப்படியே பல்லிளிக்கும். புதிதாக அடிப்பவர்கள் இதைக் கண்டு பயந்து, சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துத் தடிமனாக அப்புகிறார்கள். பிறகு அது வெடித்து உதிர்கிறது.

ஈரத்தில் வெண்மை ஒளிந்துகொள்வது ஏன்? வெண்மை என்பது சுண்ணாம்புத் துகளில் இருக்கும் நிறமல்ல. துகளுக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இடையே ஒளி எவ்வளவு திசை மாறிச் சிதறுகிறது என்பதைப் பொறுத்தது. சுண்ணாம்பின் ஒளி விலகல் எண் ஏறத்தாழ 1.6, தண்ணீருடையது 1.33, காற்றினுடையது 1. துகள்களின் நடுவே தண்ணீர் நிற்கும்வரை வேறுபாடு சிறிது. எனவே சிதறலும் சிறிது. தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் வேறுபாடு இரு மடங்காகிறது, ஒளி நன்கு சிதறுகிறது, சுவர் வெளுக்கிறது. நனைந்த வெள்ளைத் துணிக்குள்ளிருந்து தோல் நிறம் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆகவே நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாக மூன்று பூச்சுகள் அடிப்பதே சரி. ஒன்று காய்ந்த பின்னரே மற்றொன்று.

சுண்ணாம்பு கல்லாகிறது

காய்ந்து வெளுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உண்மையான வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

சுவரில் நாம் பூசியது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெறுமே நீர் ஆவியாகிப் போனால் எஞ்சுவது வெறும் மாவு. மாவு சுவரில் நிற்காது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாற வேண்டும். அதாவது காளவாயில் இழந்த 44 கிலோவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற வேண்டும். அப்படிப் பெறும்போது நுண்ணிய படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி, சுவரின் நுண்துளைகளிலும் வேர்போல் இறங்கிக்கொள்கின்றன. கணக்கும் நேராகிறது. நூறு கிலோ கல், 56 கிலோ சுண்ணாம்பாயிற்று. அது 18 கிலோ நீரைச் சேர்த்துக்கொண்டு 74 கிலோ நீறிய சுண்ணாம்பாயிற்று. இப்போது 44 கிலோ கரியமில வாயுவைப் பெற்று, 18 கிலோ நீரை விட்டுவிட்டு, பழைய நூறு கிலோ கல்லாகிறது. சுவரெல்லாம் தாள் கனத்தில் சுண்ணாம்புக் கல்!

இந்த மாற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கரியமில வாயு முதலில் நீரில் கரைய வேண்டும். சுண்ணாம்பும் சிறிது நீரில் கரைந்திருக்க வேண்டும். இரண்டும் நீரில்தான் சந்திக்கின்றன. துகள்களின் மேல் மெல்லிய ஈரப் படலம் இல்லாவிட்டால் மாற்றம் நின்றுவிடும். அதற்காகச் சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் ஆகாது. துளைகளெல்லாம் நீரால் அடைபட்டுக் காற்று உள்ளே நுழைய முடியாது. ஈரமும் இருக்க வேண்டும், காற்றும் புக வேண்டும். பெரியவர் சொன்ன தாகத்தின் பொருள் இதுதான்.

மேற்குச் சுவரை நாங்கள் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, முகத்தில் வெயில் அடிக்க, அவசரமாகப் பூசினோம். கால் மணியில் காய்ந்துவிட்டது. காய்ந்ததைப் பார்த்து மகிழ்ந்தும் போனோம். கல்லாக வேண்டிய சுண்ணாம்பு மாவாகவே நின்றுவிட்டது. கூடத்துச் சுவரை மாலையில் அடித்தோம். மார்கழிப் பனி மீதி வேலையைச் செய்தது. வெயில் படும் சுவரை மாலையில் அடிக்க வேண்டும். மறுநாள் காலையிலும் மாலையிலும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேற்குச் சுவரைத் துடைப்பத்தால் தேய்த்து மாவை உதிர்த்துவிட்டு, இம்முறைப்படி மறுபடி அடித்தோம். பிறகு சட்டையில் ஒட்டவில்லை.

சன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதில் அடங்கும் காற்று 34 கன மீட்டர். காற்றில் கரியமில வாயு இன்று பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று அதிகம். ஆக, அந்த அறையில் இருப்பது சுமார் 14 லிட்டர் வாயு. இதை முழுவதும் உறிஞ்சினாலும் நாற்பது கிராமுக்குச் சற்று அதிகமான சுண்ணாம்புதான் கல்லாக முடியும். அறைச் சுவர்களுக்கு இரண்டு கிலோ நீறிய சுண்ணாம்பு போயிற்று என்று வைத்துக்கொண்டால், அறையின் காற்று நாற்பது முறைக்கு மேல் முழுவதும் மாற வேண்டும். பூட்டிய அறையில் இது எங்கே நடக்கும்? மெல்லிய பூச்சானாலும் முழுவதும் கல்லாகி முடிய நாட்கள், வாரங்கள் ஆகும்.

வீட்டில் இதைக் கண்ணால் காணலாம். வாளியில் மேலாக நிற்கும் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, ஓர் இரவு திறந்து வையுங்கள். காலையில் பால் ஆடைபோல் மெல்லிய ஏடு படிந்திருக்கும். விரலால் தொட்டால் மொறுமொறுவென்று உடையும். அதுவே புதிதாய்ப் பிறந்த கல்.

ஆயிரம் ஆண்டு கழிந்தும் இப்படிப் பிறந்த கல் நிற்கும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சான்று. கருவறையைச் சூழ்ந்த சுற்றறையில், நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேலேயே வண்ணம் தீட்டும் முறையில் அவை வரையப்பட்டவை. சாந்து கல்லாகும்போது வண்ணத் துகள்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நம் கூடத்துச் சுவரில் நடப்பதும் அதே வேதி மாற்றம்தான். கைத்திறன் மட்டும் வேறு!

வண்ணம் சேர்க்க விரும்பினால்

சின்னவனுக்கு ஒரு யோசனை. தன் அறைக்கு மஞ்சள் நிறம் வேண்டும் என்று, எங்களைக் கேட்காமலே அடுப்பங்கரை மஞ்சள் தூளைச் சுண்ணாம்பில் கொட்டிவிட்டான். வாளி முழுவதும் குங்கும நிறமாகிவிட்டது. அவன் அக்காவிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். ஆலத்தி எடுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் கரைப்பது இதே முறையில்தான். அந்தச் சிவப்பும் சுவரில் நிலைக்காது. சுண்ணாம்பு கல்லாகிக் காரம் குறையும்போது நிறம் மாறும், வெளிச்சத்தில் வெளுத்தும் போகும்.

சுண்ணாம்போடு சேர்ந்து நிலைப்பவை மண் நிறங்களே. கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி வரும் காவிப் பட்டை இரும்பு ஆக்சைடு. மஞ்சள் காவி, அதே இரும்பு ஆக்சைடு நீருடன் சேர்ந்தது. காரமும் வெயிலும் இவற்றை ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த பொருளுக்கு இனி என்ன கெடுதல் வரும்?

சுண்ணாம்பின் மேல் பெயிண்ட்

நகரங்களில் இப்போது பெரும்பாலும் டப்பாவில் வரும் எமல்ஷன் பெயிண்ட்தான். அது உலரும் வகை முற்றிலும் வேறு. நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள், நீர் ஆவியானதும் நெருங்கி, ஒன்றாக இளகி ஒட்டி ஒரு தோலாகிவிடுகின்றன. கதவுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பெற்று இறுகுகிறது. சுண்ணாம்புக்குக் கரியமில வாயு, எண்ணெய்க்கு ஆக்சிஜன், எமல்ஷனுக்கு எதுவும் வேண்டாம், நீர் போனால் போதும்.

பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் நேராக எமல்ஷன் அடித்து, ஆறு மாதத்தில் அது அப்பளம்போல் உரிவதைப் பலர் கண்டிருப்பீர்கள். பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அது உறுதியாகத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் உதிரும் மாவைப் பிடித்திருக்கிறது. பழைய பூச்சை நன்கு சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்த பின்னரே பெயிண்ட் அடிக்க வேண்டும். புதிதாகச் சுண்ணாம்பு அல்லது சிமெண்ட் பூசிய சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தாலோ இன்னும் வேடிக்கை. கண்ணில் நடந்த அதே மாற்றம் இங்கும் நடக்கும். சுவரின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும், பெயிண்ட் பிசுபிசுத்து வழியும்.

ஓதம் ஏறும் பழைய மண் சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் சுண்ணாம்பே ஏற்றது என்பது என் கருத்து. அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் தோல் போர்த்திவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிக் கொப்புளிக்கும், உப்புப் பூக்கும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் கிருமிகளும் பிழைப்பதில்லை. கல்லாக மாறிய பின் அந்தக் குணம் போய்விடும். மாட்டுக் கொட்டகைக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதன் பயன் இதனால் விளங்கும்.

கதவைச் சுரண்டுமுன்

சுவர் முடிந்ததும் கதவு, சன்னல் மீது கண் போகும். உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்க்கத் தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும்.

பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில், குறிப்பாக வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், காரீயச் சேர்மங்கள் தாராளமாகக் கலக்கப்பட்டன. நிறம் நன்றாக மூடும், விரைவில் உலரும், மழைக்கும் நிற்கும். ஆனால் காரீயம் மூளைக்கு நஞ்சு. உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கிறது. வளரும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையே அது குறைத்துவிடும். இந்த அளவு வரை கெடுதலில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் காரீயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி செய்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டுகளில் இந்த அளவைப்போல் நூறு மடங்குக்கு மேல் காரீயம் இருந்தவையும் உண்டு. உங்கள் வீட்டுக் கதவில் தாத்தா காலம் முதல் அடுக்கடுக்காக இருப்பது அந்தப் பெயிண்ட்தானே?

உரியாமல் உறுதியாக இருக்கும் பழைய பெயிண்டால் உடனடிக் கேடு இல்லை. அதைப் பொடியாக்கிக் காற்றில் பறக்க விடும்போதுதான் ஆபத்து. தரையில் படிந்த தூசி, தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்த நீர் உப்புத்தாளால், கதவையும் நனைத்துக்கொண்டு தேய்க்கலாம். பெயிண்டை நெருப்பால் பொசுக்கி உரிக்கக் கூடாது. கீழே பழைய தாள் விரித்து, உதிர்ந்ததைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அந்த வேலை முடியும்வரை சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று. வேலையில் கழிந்த பழைய சன்னல் சட்டமும் பெயிண்ட் உரிந்த தொட்டிலும் போகித் தீக்குத்தான் பெரும்பாலும் போகின்றன. பெயிண்டிலுள்ள காரீயம் எரிந்து அழிவதில்லை, புகையிலும் சாம்பலிலும் கலந்துவிடுகிறது. அந்தத் தீயைச் சுற்றி நின்று கொட்டடிப்பவர்கள் குழந்தைகள்தாம். 2018ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைப்பட்டன. நாங்கள் அந்த ஆண்டு எங்கள் வீட்டுப் பழைய சட்டங்களைத் தீயில் இடவில்லை. ஓலையும் கிழிந்த பாயும் ஒன்றிரண்டு போட்டோம். பிள்ளைகளுக்குச் சற்று மனக்குறைதான். கொட்டு மட்டும் வழக்கம்போல் விடிய விடிய முழங்கியது.

வேலை முடிந்தபோது வாளியில் கால் பங்குச் சுண்ணாம்பு மீந்தது. அக்கா அதைக் கொட்டிவிடப் போனாள். "வேண்டாம்மா, பானையில போட்டு வை. மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கணும்" என்றார் பெரியவர். மேலே நிற்கும் தண்ணீரில் ஏடு படிந்து மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே இறங்காது. நாளாக நாளாகச் சுண்ணாம்பின் படிகங்கள் இன்னும் நுண்மையாகி, வெண்ணெய்போல் குழையும். பானையை மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கொல்லைப்புறப் பரணில் ஏற்றியிருக்கிறோம். தண்ணீர் வற்றுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பு சின்னவனுடையது என்று முதலில் முடிவாயிற்று. பிறகு அக்கா மறுத்துவிட்டதால், அது என்னுடையதாயிற்று.